ஹெலனுக்கு வைத்த முதல் இட்லி

1

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். வெளியே நான்கு டிகிரி. ஹீட்டரைப் போட்டுவிட்டு நேற்றைய டைரிப் பக்கத்தை முடித்தேன். 6.10க்கு என் மனைவி மேகலா ரொட்டித் தொழிற்சாலைக்குக் கிளம்பினாள். 6.25க்கு இட்லிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன். 7.05க்கு மகள் தாரிணியை எழுப்பினேன். 7.20க்கு மேசைக்கு வந்தாள், 7.55க்கு எழுந்து போனாள்.

அந்த முப்பத்தைந்து நிமிடங்களில் நடந்ததை டைரியில் எழுதவில்லை. இருபத்திரண்டு வருடமாக நாள் தவறாமல் எழுதுகிறேன். காய்ச்சலில் படுத்திருந்த நாளுக்குக்கூடப் பக்கம் இருக்கிறது. தெரிந்தே விட்டது காலை உணவு நேரத்தை மட்டும்தான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் மெல்போர்ன் வந்து இன்றோடு பதினோரு வருடம். அன்றும் செவ்வாய்க்கிழமைதான். எனக்குச் சொந்த ஊர் கருமத்தம்பட்டி, மேகலாவுக்குப் பல்லடம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்தேன். இங்கே தராசு, அழுத்தமானி போன்ற அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற வேலை. வந்தபோது தாரிணிக்கு மூன்று வயது, இப்போது பதினான்கு. ஒரே பிள்ளை.

அவளால் சாப்பிட முடியவில்லை. பிடிவாதம் என்றும் வயசுக் கோளாறு என்றும் நாங்கள் நினைத்திருந்தோம். அது ஒரு நோய் என்றும், பட்டினி மூளையையே மாற்றி யோசிக்க வைக்கிறது என்றும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் மே மாதம் ஒரு அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். குழந்தைகள் மனநல மையத்தில் பதினோரு வாரமாகக் குடும்பத்தோடு சிகிச்சைக்குப் போகிறோம். எல்லாச் செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்கு. இந்த மூன்று மாதத்தில் நான் பயமில்லாமல் இருந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லச் சொன்னால் சொல்ல முடியாது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் பயம், நிற்காவிட்டாலும் பயம். பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே கார் சாவியைத் தேடுகிறேன். ஹீட்டர் ஓடும் அறையிலும் அவள் கை ஜில்லென்று இருக்கிறது.

2

எங்கள் சிகிச்சையாளர் பெயர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். முதல் நாளே அவர் சொன்னதை டைரியில் குறித்திருக்கிறேன். இந்த நோய் யாராலும் வந்ததல்ல. ஆனால் குணமாக வேண்டுமானால் மருந்து சாப்பாடுதான், அதைக் கொடுக்க வேண்டியவர்கள் அப்பாவும் அம்மாவும். தாரிணியால் இப்போதைக்கு அந்த முடிவை எடுக்க முடியாது, அவளால் மறுபடி முடிகிறவரை நீங்கள் எடுங்கள் என்றார்.

அதற்கு முன் எங்கள் வீட்டில் முடிவுகளையெல்லாம் தாரிணிதான் எடுத்தாள் என்று சொல்லலாம். மேகலாவுக்கு ஆங்கிலம் கடைக்குப் போதும், டாக்டருக்குப் போதாது. மார்ச் மாதம் நான் வேலையில் இருந்த ஒரு நாள் தாரிணியைக் குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் கால் மணி நேரம் பேசினாராம். என்ன சொன்னார் என்று மேகலா கேட்க, "ஒண்ணுமில்லைங்களாம்மா, இரும்புச்சத்து மாத்திரை போடச் சொல்றாருங்க" என்று தாரிணியே மொழிபெயர்த்திருக்கிறாள். உண்மையில் டாக்டர் சொன்னது, இரண்டு வாரத்தில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அவசியம் வாருங்கள் என்பது. இரண்டு மாதம் கழித்து எங்களுக்குத் தெரிந்தது. நோயாளியான பிள்ளையையே துபாஷியாக வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் தலையாட்டிக்கொண்டு வருவது எங்களைப் போல வந்தவர்கள் வீட்டில் சகஜம். மையத்தில் அதற்கு முதல் நாளே தடை போட்டார்கள். இப்போது போனில் ஒரு துபாஷி வருகிறார், யாழ்ப்பாணத்து அம்மா. முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

இரண்டாவது வாரம், தாரிணிக்குத் தேவை என்று உங்களுக்குப் படுகிற ஒரு வேளைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள், இங்கேயே சாப்பிடுவோம் என்றார் ஹெலன். மேகலா நாலு மணிக்கே எழுந்து இட்லி, தேங்காய்ச் சட்னி, அரிசியும் பருப்பும் சாதம், வடை என்று ஐந்து டப்பா கட்டினாள். அந்த அறையில் வட்டமேசை. டப்பாவைத் திறந்ததும் மேகலா செய்த முதல் காரியம், ஹெலன் முன்னால் ஒரு தட்டை வைத்து இரண்டு இட்லி பரிமாறியது. "மொதல்ல நீங்க சாப்புடுங்க" என்றாள். நானும் சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். விருந்தாளி கை வைக்காமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? மூன்று பேரும் காத்திருந்தோம். ஹெலனும் காத்திருந்தார். நாலு நிமிடம் கழித்து அவர் துபாஷி வழியாகக் கேட்டார்: இந்த அறையில் ரொம்பப் பசியோடு இருப்பது யார்?

தாரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு. அவள் முன்னால் தட்டே இல்லை.

அன்று வைத்த ஒரு இட்லியை அவள் ஐம்பது நிமிடத்தில் சாப்பிட்டாள். அதற்கடுத்த வாரம் உணவு நிபுணர் கொடுத்த படிவத்தில் டோஸ்ட், சீரியல் என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. இட்லியை எதில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஒரு இட்லியை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எடை போட்டு, மாவில் என்னென்ன என்று கேட்டு, மேலிடத்தில் விசாரித்து, ஒன்பது நாள் கழித்து 'மற்றவை' என்று ஒரு கட்டம் போட்டுத் தந்தார். மூன்று இட்லி, நெய், ஒரு டம்ளர் பால். இதுதான் காலை மருந்து.

3

நோய் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் வெறியாக இருந்தது. கருவி ஒன்று தவறாகக் காட்டினால், கடைசியாக என்றைக்குச் சரியாகக் காட்டியது என்றுதான் முதலில் பார்ப்போம். டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. கோவை விமான நிலையம். மேகலாவின் அண்ணன் செந்தில் மச்சான் பல்லடத்திலிருந்து கார் கொண்டுவந்திருந்தார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தாரிணியைப் பார்த்ததும், "அட, நல்லா சதை வெச்சிருக்கீங்களே அம்மணி" என்றார். அதற்குப் பிறகு அவர் மனைவியும், பக்கத்து வீட்டுக்காரர்களும், வந்தவர் போனவர் எல்லோரும் அதையே சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்ததும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதுதான் பிரியம். இளைத்தால் 'எளச்சுப்போயிட்டீங்களே' என்பார்கள், பெருத்தால் 'சதை வெச்சிருக்கீங்களே' என்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், உங்களை நான் கவனித்துப் பார்த்தேன் என்பது. இதைத் தாரிணிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபத்தாறு நாளில் எத்தனை பேர் சொன்னார்கள் என்று நான் எழுதி வைக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு எழுதியவை இருக்கின்றன. ஜனவரி 22: "தாரிணி காலையில் ஓடப் போகிறாள். நல்ல பழக்கம்." பிப்ரவரி 9: "மதிய டப்பா தினமும் காலியாக வருகிறது. சந்தோஷம்." மார்ச் 18: "யூனிபாரம் தொளதொளக்கிறது. உயரம் ஏறியிருக்கிறாள்." என் கையெழுத்துதான், நீல மசியில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். பிள்ளை கரைந்துபோவதைத் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் சந்தோஷம் என்றும் எழுதியிருக்கிறேன்.

ஹெலனிடம் டைரியைக் கொண்டுபோனேன். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, தேதி கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். இப்படி ஒரு காரணத்தைக் காட்டுவது எங்கள் துறையில் அறிந்த வரையில் முடியாத காரியம், நாளைக் காலை உணவை யார் கொடுப்பது என்று பேசுவோம் என்றார்.

காலை உணவு என் பொறுப்பு என்றேன். மேகலாவுக்கு ஷிப்ட் என்பதால் வேறு வழியும் இல்லை.

4

முதல் ஐந்தாறு வாரம் நன்றாகத்தான் போனது. அழுகை, கதவை அறைவது, தட்டைத் தள்ளுவது எல்லாம் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்க விடவில்லை. மையத்தில் ஒரு அட்டவணை கொடுத்திருந்தார்கள். முழுவதும், முக்கால், பாதி, கால், இல்லை என்று ஐந்தில் ஒன்றை எழுதி, பக்கத்தில் உட்கார்ந்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜூலை 9ஆம் தேதி. இரண்டாவது இட்லியில் பாதி மீதி இருந்தது. தாரிணி தட்டைத் தள்ளவில்லை, கத்தவில்லை. என்னைப் பார்த்து, "அப்பா, போதுங்கப்பா" என்றாள்.

இதை ஊரில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. நாலைந்து வருடமாக அவள் எங்களிடம் ஆங்கிலம்தான் பேசுகிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். டாக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சொல்வதுபோல வேலைக்காக வருகிற தமிழ் வேறு. அவளாக என்னிடம் பேசிய தமிழை நான் கேட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும்! அதுவும் பல்லடத்துப் பிள்ளை பேசுவது போல, அந்த 'ங்க'வோடு. "போதுங்கப்பா. வயிறு வலிக்குதுங்கப்பா. நாளைக்குச் சாப்புட்டுக்கறனுங்கப்பா."

சரிங்க அம்மணி என்று சொல்லிவிட்டேன். தட்டை எடுத்துக் கழுவினேன். அட்டவணையில் 'முழுவதும்' என்று எழுதினேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

மறுநாளும் தமிழில் பேசினாள். அதற்கு மறுநாள் இட்லியைத் தொடும்போதே தொடங்கினாள். ஒருநாள் அவளே என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஊரில் மாமா பண்ணையில் கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருந்ததைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்று ஒரு இட்லிகூட உள்ளே போகவில்லை. முப்பத்தைந்து நாள் 'முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் மகளிடமிருந்து தமிழை வாங்கிக்கொண்டு அவளைப் பட்டினி போட்டேன். இதைவிட நாசூக்காக இதை எழுதத் தெரியவில்லை.

5

இன்று மேகலா ஒன்பதரைக்கு அனுமதி கேட்டு வந்துவிட்டாள். மூவரும் போனோம். நர்ஸ் தாரிணியை உள்ளே கூட்டிப்போய் எடையும் நாடியும் பார்த்தார். அந்த எண்களை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் எண்களைப் பேச வேண்டாம் என்பது மையத்தின் விதி. நாடி மிகவும் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். மையத்து டாக்டர் வந்து, வியாழக்கிழமை மறுபடி பார்க்கிறேன், கூடவில்லை என்றால் அன்றே வார்டில் சேர்த்துவிட வேண்டும், மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். தூக்கத்தில் இதயம் நின்றுபோகிற வாய்ப்பைப் பற்றியும் சொன்னார். சாதாரணக் குரலில்தான் சொன்னார். போனில் துபாஷி அம்மா அதை மேகலாவுக்குச் சொல்லும்போது நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு விட்டார்.

பிறகு ஹெலன் அட்டவணைத் தாள்களை மேசையில் பரப்பினார். மேகலா எழுதிய இரவுக் கட்டங்களில் "முக்கால்", "பாதி, அழுதாள்", "முழுவதும், ஒரு மணி நேரம்" என்று விதவிதமாக இருந்தன. மதியக் கட்டங்களில் பள்ளி நர்ஸ் எழுதியதும் அப்படித்தான். காலைக் கட்டம் மட்டும் நேர்கோடு. காலை இவ்வளவு நன்றாகப் போகிறதே, உடம்பில் தெரியவில்லையே, எனக்குப் புரிய வையுங்கள் என்றார் ஹெலன். குற்றம் சொல்கிற குரல் இல்லை.

தினமும் ஒரே எண்ணைக் காட்டுகிற கருவியைத்தான் எங்கள் வேலையில் முதலில் சந்தேகப்படுவோம்.

தாரிணி தரையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில், அப்பா தினமும் என் கூடத்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் பொய் எழுதமாட்டார் என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாள் என்று தெரிந்தது. அவளுக்குள் இருக்கிற அந்த நோயையும் சேர்த்துக் காப்பாற்றுகிறாள் என்றும் தெரிந்தது. எனக்கு அப்போது வந்த பயத்தை நான் இதற்குமுன் அறிந்ததில்லை. இப்போது வாயைத் திறக்காவிட்டால் வியாழக்கிழமைக்கு முன்பே இவளை இழந்துவிடுவேன் என்று தோன்றியது.

எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் தமிழில்தான் வந்தது. "நான் பொய்யா எழுதிப்போட்டனுங்க. ஒரு மாசமா அவ சாப்புடலீங்க. போதும்னா நான் விட்டுப்போட்டனுங்க."

போனில் துபாஷி அம்மா, "ஐயா, இதை அப்பிடியே சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"அப்படியே சொல்லுங்க" என்றேன்.

மேகலா என் பக்கம் திரும்பவே இல்லை. ஹெலன் முழுவதும் கேட்டுவிட்டு, இதைச் சொன்னதற்கு நன்றி என்றார். வீட்டிலேயே மனசு இளகியவர் யாரோ அவரிடம்தான் இந்த நோய் முதலில் போகும், அது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்றார். நாளைக் காலையும் வியாழன் காலையும் இருக்கின்றன, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார முடியுமா என்று கேட்டார். மேகலா அங்கேயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், துபாஷி இல்லாமல், இரண்டு நாள் பத்து மணிக்கு மேல்தான் வருவேன் என்றாள். காரணம் கேட்டிருப்பார்கள் போல. என் மகளுக்குச் சாப்பாடு கொடுக்கணும் என்றாள்.

வராந்தாவில் தாரிணி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், இனிமேல் உங்களோடு பேசமாட்டேன் என்று.

6

காரில் மேகலா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, எங்கண்ணன் பரிமாறுற பந்தியில போதும்னு சொல்லி ஒருத்தரு எந்திரிச்சுப் போயிர முடியுமா? நீங்களே மாப்பிள்ளையா வந்தப்ப எத்தனை தடவை கையை வெச்சு எலைய மறைச்சீங்க? விட்டாரா?"

விடவில்லை. என் விரலிடுக்கு வழியாகவே மச்சான் சாதத்தைப் போட்டார். போதும் என்று வாய் சொல்வதை எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? முன்பின் தெரியாத விருந்தாளி சொன்னால் நம்பமாட்டோம். பெற்ற பிள்ளை சொன்னதும் நம்பிவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு, ஊரில் பன்னிரண்டரை, மச்சானை அழைத்தோம். மூன்று மாதமாகத் தாரிணிக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொண்டு வீடியோவே போடாமல் இருந்தோம். இன்று மேகலா எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் மச்சான், உடனே ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன் என்றார். பிறகு, அங்கே என்னத்தைப் பார்க்கிறார்கள், இங்கே கொண்டாந்து விடுங்கள், நாட்டுக்கோழி அடித்துப் பத்து நாளில் தேற்றிவிடுகிறேன் என்றார். மேகலா குறுக்கே பேசாமல், இதயத்தைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பண்ணையில் கோழிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மாப்பிள்ளை," என்றார் என்னிடம். "ஏர்போர்ட்டுல நான் ஒரு வார்த்தை சொன்னனுங்களே. அதனாலீங்களா?"

அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை புரட்டினேன் என்பது அவருக்குத் தெரியாது. "இல்லீங்க மச்சான். அப்படி ஒண்ணைக் காட்டிச் சொல்ல முடியாதுன்னு சொல்லிப்போட்டாங்க" என்றேன். பிறகு அவரிடம் கேட்டேன், பந்தியில் வேண்டாம் என்பவரை எப்படிச் சாப்பிட வைப்பீர்கள் என்று. இதைக் கேட்கிற நிலைமை எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் யோசித்துச் சொன்னார். "மூஞ்சியப் பாக்க மாட்டனுங்க. மூஞ்சியப் பாத்தா நமக்கு வைக்க மனசு வராது. எலையத்தான் பாப்பேன். எலையில எடம் இருந்தா வெச்சுப்போடுவேன். அப்புறம் நகர மாட்டேன், அங்கயே நிப்பேன். அவ்வளவுதானுங்க." பிறகு, "ஆனா மாப்பிள்ளை, பந்தியில யாரும் அழுவ மாட்டாங்க. அழுதா என்ன பண்றதுன்னு எனக்குந் தெரியாதுங்க" என்றார்.

ஹெலன் பதினோரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதுதான்.

7

ஆகஸ்ட் 14, புதன்கிழமை. 5.40க்கு எழுந்தேன். டைரியைத் திறக்கவில்லை. மேகலா இட்லி ஊற்றினாள், நான் மேசையில் மூன்று தட்டு வைத்தேன். தாரிணி 7.20க்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மேகலா தன் நாற்காலியை அவளை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் இட்லியைத் தாரிணியின் தட்டில் வைத்தேன். நெய்யை ஊற்றினேன். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

"போதுங்கப்பா" என்றாள். சின்னக் குரலில், அதே தமிழில்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தேன். இடம் இருந்தது. இரண்டாவது இட்லியை வைத்தேன்.